அளவையும் அருளும்



மாணிக்கவாசகப் பெருமான் வாழ்ந்த காலம் எது என்னும் வினாவுக்கு, அறிஞர் அனைவரும் ஒருமித்து ஏற்ற விடை இன்றளவும் இல்லை. மறைமலையடிகள் 3ஆம் நூற்றாண்டு என்று நிலைநாட்ட முற்பட்டார். 9ஆம் நூற்றாண்டு என்பார் பலர். திருக்கோவையாருள் வரகுணன் என்னும் பாண்டியன் குறிக்கப்பெறுகின்றான். ஐவர்மலைக் கல்வெட்டு, சக ஆண்டு 792 என்பதனை வரகுணன் ஒருவனது எட்டாம் ஆட்சியாண்டாகக் கூறுவதனால், அவன் கி.பி. 862இல் முடிசூடினான் என்று கணக்கிட்டனர். ஆயின் அவனுடைய பாட்டனும் வரகுணனே. பாட்டனா, பெயரனா? சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையுள் மாணிக்கவாசகர் பெயரை வெளிப்படையாகக் கூறாமையால், இவர் அவருக்குப் பிற்பட்டவர் என்பார் ஒரு சாரார். பெயர் கூறாமற் குறிப்பால் உணர்த்தினார் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது. தீர்ப்பு எழுதுவார்தாம் இல்லை.

திருவாதிரைப் பெருவிழா மேடையில் இதனை எடுத்துப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு. நேற்றிரவு திருவெம்பாவை ஓதி முடிந்தபின், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். சிறு வயது முதல் தந்தையாரோடு மார்கழிதோறும் இக்கோயிலில் நின்று பாடி வந்தவர். இவ்வாண்டு வாய் திறந்து பாட இயலவில்லை என்றார். "ஐயா, காலமே உறுதிப்படாத ஒருவருக்குக் குருந்த மரத்தடியில் இறைவன் குருவாக வந்தான் என்பதை நான் எப்படி ஏற்பது? வகுப்பில் அதைக் கதை என்கிறார்கள். வீட்டிலோ கேள்வியே கேட்காதே என்கிறார்கள்" என்று கூறுகையில் அவர் குரல் தழுதழுத்தது. இரண்டு சொற்களில் விடை சொல்லி அவரை அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. சமயத்தை அறிவியல் முறையால் ஆராய்வது எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்பதே அவர் கேட்டதன் உட்பொருள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

இவ்வினா நமக்குச் சற்றே புதிது. மேலைநாட்டாரோ இருநூறு ஆண்டுகளாக இதனோடு மல்லாடி வருகின்றனர். அவர்கள் பட்ட பாட்டை அறிவது நமக்குப் பயன்படும்.

1810இல் பெர்லின் நகரில் ஒரு புதிய பல்கலைக்கழகம் தோன்றியது. ஆராய்ச்சிக்கே முதலிடம் தருவது அதன் நோக்கம். அங்கே இறையியலுக்கு இடம் உண்டா என்னும் ஐயம் எழுந்தது. ஷ்லையர்மாக்கர் என்னும் பேராசிரியர் அதற்கு ஒரு வழி கண்டார். மருத்துவமும் சட்டமும் மக்கள் தேவையை முன்னிட்டுப் பல துறை அறிவுகளைத் திரட்டிக்கொள்கின்றன. அவ்வாறே திருச்சபையை நடத்தும் பணிக்கு வேண்டிய அறிவுகளைத் திரட்டுவது இறையியல் என்றார். இடம் கிடைத்தது. இடம் கிடைத்தபின், பிற துறைகளின் அளவுகோலே இதற்கும் அளவுகோல் ஆயிற்று. மறைநூலையும் மற்றெந்தப் பழஞ்சுவடியையும் போலவே கூறு கூறாகப் பிரித்து, எப்பகுதி முந்தியது, எது பிற்சேர்க்கை, எழுதியவர் யார் என்று ஆராயலாயினர். அயராது உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. அவ்வுழைப்பால் விளைந்த அறிவும் பெரிது.

அம்மரபின் முடிமணியாக விளங்கியவர் ஹார்னாக். 1899ஆம் ஆண்டுக் குளிர்காலந் தொடங்கி அதே பெர்லினில் எல்லாத் துறை மாணவர்க்குமாகப் பதினாறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கிறித்தவத்தின் சாரம் யாது என்பது பொருள். வரலாற்று ஆய்வு என்னும் முறத்தால் உமியைப் புடைத்து நீக்கினால் மணி எஞ்சும் என்பது அவர் கருத்து. அது 1900இல் நூலாக வெளிவந்தது. ஆறு ஆண்டுகளில் மற்றொரு நூல் வந்தது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் எழுதியது. பின்னாளில் ஆப்பிரிக்காவிற் சென்று மருத்துவத் தொண்டு புரிந்தாரே, அவரேதாம். இயேசுநாதரின் வரலாற்றை அறிவியல் முறையில் எழுதப் புகுந்தவர் நூல்களையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு காலத்தவரும் தத்தம் காலத்துச் சாயலையே அவர்பால் ஏற்றிக் கண்டனர் என்று காட்டினார். பகுத்தறிவுக் காலத்தவர் பகுத்தறிவு ஆசானைக் கண்டனர். நல்லொழுக்கம் போற்றியவர் நல்லொழுக்க ஆசானைக் கண்டனர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன், நீரில் தெரிந்த தன் முகத்தைக் கிணற்றின் ஆழம் என்று கொண்டாற் போன்றது இது. புறத்தாரின் பழிப்புரை என்று இதனைத் தள்ளுதற்கில்லை. அத்துறையிலேயே ஆழ்ந்து கற்றவர் சொன்னது.

ஹார்னாக்கின் மாணவர் கார்ல் பார்த். சுவிட்சர்லாந்தில் ஒரு சிற்றூர்த் திருச்சபையில் போதகராக இருந்தவர். 1914இல் பெரும்போர் மூண்டபோது ஜெர்மானிய அறிஞர் 93 பேர் தம் நாட்டின் போர்ச் செயலை ஆதரித்து அறிக்கை விடுத்தனர். தம் ஆசிரியர்களின் பெயர்களை, ஹார்னாக்கின் பெயர் உட்பட, அதிற் கண்டு அவர் உள்ளம் உடைந்தார். இவ்வளவு கற்றும் இவர்கள் கற்றது இவர்களைத் தொடவில்லையே என்பது அவரது துயரம். பின்னர்ப் பேராசிரியராகவும் ஆனார். 1923இல் ஹார்னாக், அறிவியல் இறையியலை இகழும் இறையியலாரை நோக்கிப் பதினைந்து வினாக்களை ஓர் இதழில் வெளியிட்டார். பார்த் பதினைந்து விடை எழுதினார். ஆசிரியரும் மாணவரும் ஊரறிய நடத்திய வழக்கு அது.

அவற்றுள் ஒரு வினா நம் நெஞ்சிலும் தைக்க வேண்டுவது. வரலாற்று ஆய்வு இல்லையேல், உண்மையானவரை விடுத்து நம் கற்பனையில் உதித்த ஒருவரை நாம் வழிபடமாட்டோம் என்பதற்கு என்ன காப்பு? ஹார்னாக் கேட்டது இது. நியாயமான கேள்வி. பார்த் கூறியதன் கருத்து: இறைவனை அறியும் அறிவை இறைவனே எழுப்ப வேண்டும், ஆராய்ச்சி, நாமாக இட்டுக்கொண்ட போலி அடித்தளங்களைத் தகர்க்கும், தானே அடித்தளம் ஆகாது. இதுவும் நியாயமே. பார்த் நம் சமயத்துக்குச் சான்று சொல்ல வந்தவர் அல்லர். நாமும் அவர் சமயத்தை எடைபோட இங்கே வரவில்லை. எனினும் இவ்விரு பெரியோர் நின்று வாதிட்ட இடம், மெய்கண்டார் சூத்திரம் எழுதிய இடத்துக்கு மிக அண்மையில் உள்ளது என்பதே நாம் சொல்ல வந்தது.

ஒரு செய்தி ஈண்டுக் கூறத்தகும். ஹார்னாக்கின் நூல் வெளிவந்த அதே 1900இல், ஆக்ஸ்போர்டிலிருந்து போப்பையரின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தம் எண்பதாம் பிறந்தநாளை நாளாக இட்டு அவர் முன்னுரை எழுதினார். முதல் தமிழ்ப் பாடம் கற்றது 1837இல் என்றும் குறித்தார். பார்த்தும் ஹார்னாக்கும் வழக்காடிய அதே 1923இல், திருவாசகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. செய்தவர் ஷோமெரஸ், தமிழ்நாட்டில் பணிபுரிந்த லூத்தரன் சபைப் போதகர், 1912இலேயே சைவசித்தாந்தம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூல் எழுதியவர், பின் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். ஆக, மேலைநாட்டு இறையியல் தன் எல்லையைப் பற்றிக் கலங்கிய நாட்களில் நம் திருவாசகமும் அந்த மேசைமேல் இருந்தது. இவ்விருவரும் சைவர் ஆகவில்லை. எனினும் எத்துணை உழைத்தனர்! நம்மவருள் எத்தனை பேர் அவ்வுழைப்பில் பத்தில் ஒரு பங்கு செய்தோம் என்று எண்ணிப் பார்த்தால் நாணம் மேலிடுகின்றது.

போப்பையர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாக மேடைதோறும் கூறுவர். ஆக்ஸ்போர்டில் உள்ள அக்கல்லில் அச்சொல் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டிய கல் என்றே பொறிக்கப்பட்டுள்ளது. நேரிற் சென்று படித்தவர்களால் இது தெரிய வந்தது. புனைந்துரை போயிற்று, அதனினும் இனிய உண்மை கிடைத்தது. இதுவே ஆராய்ச்சி செய்யும் நன்மை.

நம் கோயில்களுக்கு ஆராய்ச்சி செய்த நன்மை இன்னும் பெரிது. திருவிடைவாய் என்னும் தலத்துக்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் ஏட்டுச் சுவடிகளில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்திருக்கோயிற் கல்வெட்டை ஆராய்ந்தபோது அது வெளிப்பட்டது. கல்லைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையேல் அப்பதிகம் இன்றும் சுவரிலேயே உறங்கியிருக்கும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரையும், உடன் முழக்க இருவரையும் நியமித்தான் என்பதும் கல்வெட்டால் அறிந்ததே. 1955இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. செல்லரித்துப் போகவிருந்தவை அச்சேறின. புதுச்சேரியில் காக்கப்பெறும் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டிற் சேர்த்தது. ஆராய்ச்சியே பகை என்று கூறும் அன்பர்கள் இவற்றை ஒருமுறை நினைந்து பார்க்க வேண்டும்.

இனி, எல்லைக்கு வருவோம்.

நம் சமயம் எல்லையைத் தானே வகுத்து வைத்துள்ளது. சிவஞான சித்தியாரின் தொடக்கமே அளவை. பொருளை எவ்வாறு அறிகின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே எதனை அறிகின்றோம் என்பதற்கு அருணந்தி சிவாசாரியார் செல்கின்றார். அளவைகள் பலவற்றையும் எண்ணி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுள் அடக்குகின்றார். காட்சி ஒன்றையே நான்காக விரிக்கின்றார்: பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, இன்பதுன்பங்களைத் தன்னுள்ளே உணர்வது, யோகத்தாற் காண்பது. கல்லூரி ஆய்வு கையாள்வது பொறிக்காட்சியும், மனத்தால் தெளியும் காட்சியும், அவற்றின் மேல் எழும் கருதலும் ஆகும். ஓலையைக் கண் காண்கிறது. எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைக் கருதுகிறோம். இது முற்றிலும் முறையானதே. மூன்றாவதாகிய தன்வேதனைக் காட்சியை ஆய்வாளர் வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கின்றார். எவர் செய்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பது அவர் முறை. ஆய்பவனுக்கு உள்ளே நிகழ்வது கணக்கில் வரலாகாது. தராசு பிடிப்பவன் தட்டில் ஏறி நிற்கலாமா? ஆதலின் அவர் ஒதுக்குவதும் சரியே. ஆனால் எது ஒதுக்கப்பட்டதோ அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அப்போதே ஒதுக்கப்பட்டுவிட்டது என்பதை அவர் மறத்தலாகாது.

பகுத்தாய்வதற்குச் சைவம் அஞ்சிய சமயமன்று. அச்சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு பிற கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரியார் வாயாலேயே பேசவிட்டுப் பின்னர் மறுக்கின்றார் ஆசிரியர். கடவுள் இல்லை என்னும் உலகாயதனுக்கும் முழுமையாகப் பேச இடம் உண்டு. கேள்வி கேட்கும் பிள்ளையை வாயடைக்கும் பெற்றோர், பரபக்கம் இயற்றியவருக்கு மாறாக நடக்கின்றனர்.

சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் கூறும் பொருளைச் சிறிது கூர்ந்து நோக்குக. நாம் சுட்டி அறியும் பொருள் யாவும் தோன்றி நின்று அழியும், ஆதலின் அசத்து. இறைவன் அவ்வாறு சுட்டி அறியப்படுவான் என்றால், அவனும் அழியும் பொருள்களுள் ஒன்றாவான். எவ்வாற்றானும் அறியப்படான் என்றாலோ, முயற்கொம்பு போல இல்பொருள் ஆவான். இரண்டும் பொருந்தா. ஆகவே, சுட்டறிவால் அறியப்படாமலும், அறவே அறியப்படாமற் போகாமலும் நிற்பதே சிவசத்து என்று நிறுவுகின்றார் மெய்கண்டார். இச்சூத்திரம் இரண்டு பேரை ஒரே நேரத்தில் தடுத்து நிறுத்துகின்றது. இறைவனை ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டு முடிவு சொல்பவர் ஒருவர். அறிய முடியாததைப் பற்றிப் பேசுவானேன் என்று கையை உதறுபவர் மற்றொருவர்.

அவ்வாறாயின் அறியும் வழி யாது? ஒன்பதாம் சூத்திரம், பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் உணரப்படாத பதியை ஞானக்கண்ணால் நாடுமாறு பணிக்கின்றது. ஞாயிற்றைக் காண விளக்கு ஏந்திச் செல்வார் இல்லை. அதன் ஒளியே அதனைக் காட்டும். பாசஞானம் என்றவுடன் ஏதோ உலகியல் அறிவைத்தான் இழித்துரைத்தார் என்று எண்ண வேண்டா. சொல்லாலும் நூலாலும் கருவிகளாலும் வரும் அறிவெல்லாம் அதில் அடங்கும். வேதம், சாத்திரம், புராணம் ஆகியவற்றைக் கற்றுப் பெறும் அறிவையும் சித்தியார் பாசஞானத்திலேயே வைக்கின்றது. பெர்லின் பேராசிரியர்க்கு மட்டும் இட்ட கோடு அன்று இது. மேடையில் நின்று பேசும் நமக்கும் சேர்த்தே இட்டது. திருமுறை முழுதும் மனப்பாடமாக ஒப்பிப்பவரும் அக்கோட்டுக்கு இப்பாலேயே நிற்கக்கூடும்.

அக்கோட்டைக் கடந்த ஒருவர் வரலாறு சந்தானாசாரியர் வரலாற்றில் உள்ளது. அருணந்தியார்க்குச் சகலாகம பண்டிதர் என்பதே பெயர். எல்லா ஆகமங்களையும் ஐயந்திரிபறக் கற்றவர். மெய்கண்டாரின் தந்தையார்க்குக் குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் அச்சிறுவர் உபதேசம் செய்கின்றார், தம் மாணாக்கரும் அங்கே சென்றுவிட்டனர் என்று கேள்வியுற்றுத் தாமும் சென்றார். அங்கே ஆணவமலம் பற்றிய பாடம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பண்டிதர் நின்றபடியே, "ஆணவத்தின் வடிவம் யாது?" என்று வினவினார். தக்க வினாவே, இலக்கணம் கேட்கின்றார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரையே சுட்டினார் என்றும், மேலும் கீழுமாக நோக்கினார் என்றும் கூறுவர். பண்டிதர் அவர் திருவடியில் வீழ்ந்தார்.

இவ்வரலாற்றை நிறுவக் கல்வெட்டு இல்லை என்பார் ஆய்வாளர். இல்லைதான். அதன் உட்பொருளை மட்டும் இங்கே எண்ணுவோம். வினாவியவர் விடையை ஒரு சொற்றொடராக எதிர்பார்த்தார். சொற்றொடராகக் கிடைத்திருந்தால், முன்பே அறிந்த நூறு இலக்கணங்களோடு நூற்றொன்றாவதாக அதனையும் சேர்த்துக்கொண்டு, வந்தவாறே திரும்பியிருப்பார். கிடைத்த விடையோ வினாவியவரையே வினாவுக்குள் இழுத்து நிறுத்தியது. தராசு பிடித்தவர் தட்டில் ஏற நேர்ந்தது. கல்லூரி ஆய்வு தன் முறைப்படி செய்ய இயலாதது இந்த ஒன்றே. அதனைச் செய்யவில்லை என்று அதன்மேற் குறை கூறுவதும் முறையாகாது. பஞ்சாங்கத்தில் மழை பெய்யும் என்று எழுதியிருக்கலாம். பிழிந்தால் நீர் வருமா?

அப்படியானால் ஹார்னாக் கேட்ட காப்பு எங்கே? அவரவர் மனத்துக்குத் தோன்றியதையெல்லாம் அனுபவம் என்று கூறிவிடலாமே என்று கேட்பின், நம் ஆசாரியர்கள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. குருவின் மொழி, அருள்நூல், தன் அனுபவம் ஆகிய மூன்றும் ஒத்து வரவேண்டும். ஒன்று முரணினும் ஏற்புடையது அன்று. யான் எனது என்னும் செருக்கு தேய்ந்ததா, அடியாரிடத்து அன்பு வளர்ந்ததா என்பது உடன் வாழ்வோர் காணக்கூடிய அடையாளம். எனக்குக் காட்சி கிடைத்தது என்று கூறிக்கொண்டு கூட்டமும் காணிக்கையும் சேர்ப்பவரை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். மெய் எது, பொய் எது என்பது எளிதில் விளங்கும்.

இனி அவ்விளைஞர் கேட்டதற்கு நேரே விடை கூறுவோம். மாணிக்கவாசகர் எக்காலத்தவர் என்பது ஒரு வினா. திருவாசகத்துள் எப்பாடம் சரி, எச்சொல்லுக்கு எப்பொருள் என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் ஆராய்ச்சிக்கு உரியவை. சான்று எங்கே இட்டுச் செல்கின்றதோ அங்கே அஞ்சாது செல்லலாம். 3ஆம் நூற்றாண்டு ஆயினும் 9ஆம் நூற்றாண்டு ஆயினும் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை. குதிரை வாங்கச் சென்ற அமைச்சருக்குத் திருப்பெருந்துறையில் என்ன நேர்ந்தது என்பது மூன்றாவது வினா. கோயிற் கட்டடத்தின் காலத்தைக் கல் சொல்லும். அங்கே ஓர் உயிர் ஆட்கொள்ளப்பட்டதைக் கல் சொல்லாது. நிகழ்ந்தது என்று ஆய்வாளர் கூற இயலாது. அவரிடம் அதற்குக் கருவி இல்லை. நிகழவில்லை, வெறுங்கதை என்று வகுப்பில் ஒருவர் கூறுவாராயின், அதற்கும் அவரிடம் கருவி இல்லை. தம் துறையின் எல்லையைத் தாண்டி அவர் பேசுகின்றார். மரியாதையோடு அதனை அவரிடமே கேட்கலாம். நல்ல ஆசிரியராயின் ஒப்புக்கொள்வார். எந்த ஆராய்ச்சி முறையும் அவ்விளைஞரைப் பாடாதே என்று தடுக்கவில்லை. பாடுவதற்குக் கால ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டுவதும் இல்லை. பாடிப் பார்த்தாலன்றி அம்மூன்றாவது வினாவின் பக்கத்தில்கூடச் செல்ல இயலாது.

திருவடியில் வீழ்ந்த சகலாகம பண்டிதர் தாம் கற்ற ஆகமங்களை ஆற்றில் எறிந்துவிடவில்லை. மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கு விரிவாகச் சிவஞான சித்தியாரைச் செய்தபோது, அதுவரை கற்றதனைத்தும் அந்நூலுக்குள் வந்து பணி செய்தது. அதன் அளவை இயலைத் திருவாதிரை கழிந்தபின் வரும் திங்கட்கிழமை தொடங்கி, வாரந்தோறும் மாலையில் இதே மண்டபத்தில் பாடமாக நடத்த எண்ணியுள்ளோம். சிவஞான முனிவர் உரையோடு படிப்போம். வயது வரையறை இல்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு வருக. கல்லூரியில் எழுந்த ஐயங்களையும் எழுதிக்கொண்டு வருக. விடை தெரியாதவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.